தேடிப் போனவர்

கெண்ட், பெல்ஜியம்
14-4-1996

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

தமிழ்மணி வணங்கி எழுதுவது. சித்திரை பிறந்தும் இங்கே குளிர் விடவில்லை. அதைத் தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? இந்துமதி பத்தாவது பரீட்சை எழுதிவிட்டாளா?

நிற்க. சைக்கிள் பட்டறை வேலையை விட்டுவிட்டேன். ஒரு பந்தயக் குழுவில் கால் பிடித்துவிடுகிற ஆளாகச் சேர்ந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், இங்கே அது சம்பளமும் மரியாதையும் உள்ள வேலை. அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கை, அண்ணன் ரேஸுக்குப் போகும் முன் அவர் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்த கை, கடைசியில் அதற்கே வந்து சேர்ந்தது. சாயங்காலம் ஓட்டக்காரர்களுக்குக் கால் நீவிவிட வேண்டும். ரேஸ் நடக்கும்போது பாதி தூரத்தில் சாலையோரம் நின்று, சாப்பாடும் தண்ணீரும் வைத்த துணிப்பையை நீட்ட வேண்டும். அவர்கள் ஓட்டத்தை நிறுத்தாமலே பிடுங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் ஆட்களில் கடைசி ஆள் வாங்கிப்போகும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது.

குழுவின் எட்டு ஓட்டக்காரர்களில் ஒருவன் வால்திஸ். லாத்வியா என்று ஒரு சின்ன நாடு, ரஷ்யாவிடமிருந்து பிரிந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. பெரிய ஓட்டக்காரன் இல்லை. தலைவனுக்குத் தண்ணீர் சுமந்து கொடுப்பவன், காற்றுக்கு முன்னால் நின்று மறைப்பவன். எனக்கும் அவனுக்கும் அரைகுறை பிளமிஷ்தான் பொதுப் பேச்சு.

அண்ணி, முதல் நாள் அவன் என்னைக் கடந்து போனபோது கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டேன். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஏற்றம் வந்தால் தலை இடது பக்கம் சாயும், யாரையோ ஏதோ கேட்பதுபோல. முகம் வேறு, நிறம் வேறு. முதுகு மட்டும் அண்ணன் முதுகு.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதினேன். அகதிப் பத்திரம் வைத்திருப்பவன் ஊருக்கு வர முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு என் முத்தங்கள்.

உங்கள் கொழுந்தன்,
தமிழ்மணி


பசுந்தாங், யாங்கோன்
2-8-1996

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி நீலாம்பாள் ஆசிகளுடன் எழுதுவது. காளியம்மன் புண்ணியத்தில் நானும் இந்துமதியும் சுகம். மூட்டு வலி என்னை விட்டுப் போவதாக இல்லை, குடியிருக்க வாடகையும் தருவதில்லை. இந்துமதி பரீட்சையில் தேறிவிட்டாள். தமிழில் எழுதச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறாள், கடைசியில் உங்களுக்குப் பர்மிய எழுத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறாள்.

கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். ஆள் ஏற்றுகிற சைக்கா வண்டிகளை வாடகைக்கு விடுவதும் பஞ்சர் ஒட்டுவதுமாக ஓடுகிறது. மாரிச்சாமி இல்லாவிட்டால் நான் என்றோ மூடியிருப்பேன். அவன் கை கொஞ்சம் நீளம்தான், ஆனால் விசுவாசம்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். இனி இப்படி எழுத வேண்டாம் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எட்டு வருஷமாக ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்று நிற்கிறவளிடம் ஒரு முதுகைப் பற்றி எழுதலாமா? வளைகாப்பு வீட்டில் மஞ்சள் தட்டு என்னிடம் வரும்போது கொடுப்பவள் கை ஒரு கணம் நிற்கும். கொடுக்கவும் பயம், கொடுக்காமலிருக்கவும் பயம். அதனால் இப்போது எந்த வீட்டுக்கும் போவதில்லை.

நான் மறந்தால்தானே நினைப்பதற்கு. புரட்டாசி மாதம், மதியம், நகரத்தில் வெடிச்சத்தம். "தம்பி அலோன்ல மாட்டிக்கிட்டான், நான் போயி கூட்டியாந்துர்றேன்" என்று ரேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நீங்களோ சம்பான் படகில் ஏறி ஆற்று வழியே வீடு வந்து சேர்ந்தீர்கள். அவர் சாலை வழியே போனவர்தான். தபாலில் போகிற கடிதம், இதற்கு மேல் எழுதவில்லை.

அந்தப் பிள்ளை இறக்கத்தில் எப்படி உட்காருவான்? ஹாண்டிலைப் பிடிக்கிற கையில் சுண்டுவிரல் மட்டும் தூக்கியிருக்குமா? சும்மா கேட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள்.

அண்ணி,
நீலாம்பாள்


கெண்ட்
20-5-1997

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். அங்கே மழைக்காலம் பிடித்திருக்கும், கடை முன்னால் தண்ணீர் ஏறாமல் பலகை போட்டாயிற்றா?

வால்திஸ் ஜெயித்துவிட்டான்! தண்ணீர் சுமக்கிறவன் ஜெயித்துவிட்டான் அண்ணி. பிரான்சில் நாலு நாள் ரேஸ், மூன்றாவது நாள். தலைவனுக்கு வயிறு சரியில்லை. குழு மேனேஜர் "போகிறவன் போகலாம்" என்று சொல்லிவிட்டார். மழை. இவன் ஒருத்தன் கூட்டத்திலிருந்து பிரிந்து போனான். யாரும் அவனைப் பொருட்படுத்தவில்லை, பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பிடிக்கவே முடியவில்லை.

நான் வழக்கம்போல் சாலையோரம் நின்றிருந்தேன். மழைத் திரையில் முதலில் மோட்டார் சைக்கிள் விளக்கு தெரிந்தது, அதற்குப் பின்னால் தனியாக ஒருத்தன், தலை இடது பக்கம் சாய்ந்து. எனக்கு எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. "அண்ணே!" என்று கத்திவிட்டேன். அவன் பையை வாங்கிக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தான். முகத்தில் சேறு. அந்த ஒரு நொடி, அண்ணி, யார் என்றே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவன் காலை நீவும்போது கேட்டான், "நீ கூப்பிட்டது யாரை?" என்று. "எங்கள் ஊரில் உற்சாகப்படுத்த அப்படிக் கத்துவோம்" என்றேன்.

நீங்கள் கேட்டதற்கு: சுண்டுவிரலைப் பார்த்தேன். தூக்கியிருக்கவில்லை. ஆனால் இறக்கத்தில் மட்டும் கொஞ்சம் தூக்குகிறான் என்று நினைக்கிறேன். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன், பின்னாலிருந்து எடுத்தது.

வாணியம்பாடிக்காரர் கடைச் சுக்குக் கஷாயப் பொடி இன்னும் கிடைக்கிறதா? மூட்டுக்கு நல்லது. இந்துமதிக்கு என் அன்பு.

தமிழ்மணி


பசுந்தாங்
11-12-1997

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். இரண்டு பேரும் நலமாக இருக்கிறோம். இந்துமதி கணக்கெழுதும் படிப்புக்குப் போகிறாள், முகத்தில் தனக்காப் பட்டைக் குழம்பு பூசிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கும் நேரம் படிக்கிற நேரத்தைவிட அதிகம். பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் கேட்காதீர்கள். எழுதி எழுதிக் கிழித்தேன்.

படம் வந்தது. மாரிச்சாமியிடம் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "இது நம்ம கடை முதலாளி, பின்னாடி தெரியுறது எந்த ஊருங்க?" என்று கேட்டான். அப்புறம் அவனாகவே உளறிவிட்டோம் என்று தெரிந்து பம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் படத்தை அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்தேன். மறுநாள் எடுத்து சாமி படத்துப் பக்கம் வைத்தேன். அங்கே வைத்தால் என்ன அர்த்தம் ஆகிறது என்று தோன்றியதும் மறுபடி சேலைக்கு அடியில்.

அவன் முகம் தெரிகிற படம் மட்டும் அனுப்ப வேண்டாம்.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். மாலையில் கடைக் கதவைப் பாதி இறக்கும்போது வெளியே யாரோ சைக்கிளைச் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் வருஷத்தில் ஒரு தரம் கேட்கும், அந்தப் படம் வந்த பிறகு வாரத்துக்கு ஒரு தரம். எனக்குப் பயம் இல்லை. புருஷன் வருகிற சத்தத்துக்கு எவளாவது பயப்படுவாளா? இந்துமதிதான் பயப்படுகிறாள். அவளுக்கும் கேட்கிறதா, என் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறாளா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ரேஸ் எப்போது? அவனுக்கு நன்றாக எண்ணெய் தேய்த்துவிடுங்கள்.

நீலாம்பாள்


கெண்ட்
8-2-1999

அன்புள்ள அண்ணிக்கு,

தமிழ்மணியின் வணக்கம். சளித் தொந்தரவு இருந்தது, இப்போது தேவலை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே தினமும் என் நினைப்பு.

ஒரு வருஷம் எழுதவில்லை. போன ஆடியில் வால்திஸ் விழுந்துவிட்டான். இறக்கத்தில், ஈரச் சாலையில், முன்னால் போனவன் வழுக்கினான், இவன் அவன்மேல் ஏறாமல் ஒடித்து மதில் சுவரில் போய் மோதினான். இடது இடுப்பு எலும்பு உடைந்தது. நான் அங்கே இல்லை, வழக்கமான இடத்தில் பையோடு நின்றிருந்தேன். எல்லாரும் போய்விட்டார்கள். வண்டிகளும் போய்விட்டன. போலீஸ்காரர் வந்து சாலையைத் திறந்துவிட்டார், கார்கள் ஓட ஆரம்பித்தன. என் கையில் ஒரு பை மட்டும் பாக்கி. குழுக் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனுக்குத் துணை நான்தான். ஊரிலிருந்து அவன் அப்பா வர விசா கிடைக்கத் தாமதமானது. தூக்கத்தில் அவன் தன் பாஷையில் ஏதேதோ பேசினான். நான் தமிழில் பதில் சொன்னேன். நர்ஸ் எங்களைப் பார்த்துச் சிரித்தாள், சகோதரர்களா என்று கேட்டாள்.

ஆறு மாதமாக அந்த இடது காலுக்கு நான்தான் வைத்தியம். சதை குச்சியாகப் போயிருந்தது, திரும்ப ஏறிக்கொண்டிருக்கிறது. பங்குனியில் மறுபடி ரேஸில் இறங்குவான். டாக்டர் வேண்டாம் என்கிறார். நான் முடியும் என்று சொல்லியிருக்கிறேன்.

வேறொன்றுமில்லை. எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கொடுத்துவிட்டார்கள்.

தமிழ்மணி


பசுந்தாங்
25-2-2000

அன்புள்ள தம்பி தமிழ்மணிக்கு,

அண்ணியின் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா, அல்லது அந்தப் பிள்ளையின் காலை மட்டும் பார்க்கிறீர்களா?

நல்ல செய்தி முதலில். இந்துமதியைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் பெயர் விவேக், ஷ்வேப்யிதாவில் சட்டைத் தொழிற்சாலையில் மேற்பார்வை. குணமான பையன். இவளுக்கும் பிடித்திருக்கிறது, பிடிக்காததுபோல் நடிக்கத் தெரியவில்லை. தை மாதம் கல்யாணம் என்று பேச்சு.

பையனின் அம்மா சீதை நல்ல மனுஷி. லப்பெயே டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "கார்டுல சம்பந்தி பேர எப்புடிம்மா போடுறது? திரு போடுறதா, அமரர் போடுறதா?" அவள் குத்திக் கேட்கவில்லை, அச்சகத்துக்காரன் கேட்பான் என்றுதான் கேட்டாள். இந்துமதி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

கோயிலுக்குப் போய்க் குருக்களைக் கேட்டேன். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருப்பது முறை. அது முடிந்தால் தர்ப்பையால் ஆள் செய்து, குளிப்பாட்டி, கோடி போர்த்தி, சுடுகாட்டில் கொள்ளி வைத்துவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தோடு சரி, காத்த வருஷங்களே துக்கம், தையில் தாராளமாகக் கல்யாணம் வைக்கலாம் என்கிறார். கோயில் தர்மகர்த்தா பழனியப்பனும் இடம் ஏற்பாடு செய்வதாகச் சொல்லிவிட்டார். வருகிற புரட்டாசியோடு பன்னிரண்டு வருஷம்.

எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவர் நீங்கள்தான். பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று ஒரு வருஷத்துக்கு முன்னால் கடைசி வரியில் எழுதினீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா? புரட்டாசி அமாவாசைக்கு வந்துவிடுங்கள்.

இதை எழுத எனக்கு எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லமாட்டேன். பொட்டை எடுப்பது எனக்கு ஆசையா? என் பெண் பந்தலில் உட்காரும்போது அப்பன் இருக்கிறானா இல்லையா என்று யாரும் தலையை எண்ணக் கூடாது. அவ்வளவுதான்.

பதில் உடனே வேண்டும்.

நீலாம்பாள்


கெண்ட்
30-4-2000

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். இந்துமதியின் செய்தி கேட்டு மனம் குளிர்ந்தது. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

வால்திஸ் ஓட்டத்தை விட்டுவிட்டான். இந்த மாதம் முதல் வாரம், இங்கே பக்கத்தில்தான், கருங்கல் பாவிய சாலைகள் நிறைந்த ரேஸ். குளிர்மழை. உங்களுக்கு ஒன்று விளக்க வேண்டும். ரேஸில் எல்லாருக்கும் கடைசியில் ஒரு வண்டி வரும். அதன்மேல் ஒரு துடைப்பத்தைக் கட்டியிருப்பார்கள். முடியாதவர்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு வருகிற வண்டி. ஓட்டக்காரன் இறங்கிவிட்டால், வண்டியில் வருகிற அதிகாரி அவன் முதுகில் குத்தியிருக்கிற எண்ணைக் கழற்றி எடுத்துக்கொள்வார். அப்புறம் அவன் தெம்பு வந்து ஏறி ஓட்டினாலும் கணக்கில் கிடையாது. தானாக இறங்கினால்தான் கழற்றுவார்கள், அதுவரைக்கும் அந்த வண்டி அவன் பின்னாலேயே மெதுவாக வரும். எவ்வளவு நேரமானாலும்.

வால்திஸ் இறங்கிவிட்டான் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம். என்னை ஏற்றக் கார் வந்தது. நான் ஏறவில்லை. ரேடியோவில் சொல்வது தப்பாக இருக்கலாம். முன்பும் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தில் எத்தனையோ முதுகு, எவனையோ பார்த்து எவன் பெயரையோ சொல்லியிருப்பான். இருட்டும்வரைக்கும் நின்றேன். கடைசியில் வால்திஸே நொண்டிக்கொண்டு வந்தான், சாதாரண உடுப்பில், குழு மேனேஜர் காரில். என் கையிலிருந்த பையை வாங்கி, உள்ளே இருந்த அரிசிக் கேக்கை எடுத்துத் தின்றான்.

"நான் இறங்கிட்டேன் தமிழ். எனக்கு வருத்தம் இல்லை. நீ ஏன் நிக்கிற?" என்றான்.

மழை இன்னும் விடவில்லை. அங்கே தண்ணீர்த் திருவிழா நன்றாக நடந்ததா?

தமிழ்மணி


பசுந்தாங்
12-6-2000

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை.

உங்கள் கடிதத்தைப் பிரித்து, வருகிறேன் என்ற சொல்லைத் தேடினேன். முன்பக்கம் இல்லை, பின்பக்கம் இல்லை. நான் கேட்டது கிணற்றில் போட்ட கல்லா? ஒரு துடைப்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் துடைப்பம் தெரியாதா?

அந்தப் பிள்ளைக்கு அறிவு இருக்கிறது, இறங்கிவிட்டான். எண்ணைக் கழற்றக் கொடுத்தான். என் முதுகில் குத்தியிருப்பதை யார் கழற்றுவது?

சீதை இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டாள். இந்துமதி என்னிடம் நேற்று சொன்னாள், "அம்மா, கல்யாணம் வேணாம், இப்புடியே இருப்போம்." இருபது வயதுப் பெண் சொல்கிற பேச்சா இது? நான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன், அது என் கடமை. என் பெண்ணும் சேர்ந்து காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

உங்களால் முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். அதையாவது எழுதுங்கள்.

நீலாம்பாள்


கெண்ட்
20-8-2000

என் அன்புக்குரிய அண்ணிக்கு,

தமிழ்மணி காலைத் தொட்டு எழுதுவது. உங்கள் கோபம் நியாயம். அந்தக் கோபத்திலும் உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

முடியாது என்று எழுத இரண்டு தரம் உட்கார்ந்தேன். ஏன் முடியாது என்று எழுத வேண்டுமே. இப்போது எழுதிவிடுகிறேன். அவர் என்னைத் தேடிப் போனவர் அண்ணி. எனக்குத் தெரிந்தவரை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். நான் கையில் கொள்ளியை எடுத்தால், தேடிப்போனவனைப் பார்த்து, நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், நீ வராதே என்று சொல்வதாகிவிடும். இந்த வேலையில் நான் ஏன் சேர்ந்தேன் என்று நினைக்கிறீர்கள்? சாலையோரம் நிற்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

போன மாதம் வால்திஸ் என்னை அவன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரிகாவுக்கு வடக்கே, பிர்ச் மரங்களும் மணலுமாக ஒரு சின்ன ஊர். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கல்லறைத் தோட்டத்தில் கூடுகிறார்கள். பூ வைத்து, கல்லறையைச் சுற்றி இருக்கிற மணலை வாரியால் சீவிக் கோடு இழுக்கிறார்கள். பின்பக்கமாக நடந்துகொண்டே சீவுகிறார்கள், தங்கள் காலடிகூட அதில் விழாதபடி. வால்திஸும் அவன் அப்பாவும் ஒரு கல்லைச் சுற்றிச் சீவினார்கள். கல்லில் இருந்தது வால்திஸின் தாத்தா பெயர். நாற்பத்தொன்பதாம் வருஷம் ரஷ்யர்கள் ஊரில் பலரை ரயிலில் ஏற்றி சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்கள். இவரையும் கொண்டுபோனார்கள். ஒரு தகவலும் வரவில்லை.

"கீழே யாரும் இல்ல, வெறும் மணல்தான்" என்றான் வால்திஸ்.

அவன் அப்பா முப்பது வருஷம் அந்த வீட்டை விட்டு நகரவில்லையாம். திரும்பி வருகிறவருக்கு வீடு தெரிய வேண்டுமே. வால்திஸுக்குப் பன்னிரண்டு வயதில் ரிகாவில் சைக்கிள் பள்ளியில் இடம் கிடைத்தது. அப்பா போகக் கூடாது என்றார், வீட்டில் ஆள் குறையக் கூடாது என்று. அந்த இலையுதிர் காலத்தில்தான் ஒருநாள் அவராகவே போய் இந்தக் கல்லை நட்டார். மறுவாரம் பையனை பஸ் ஏற்றிவிட்டார். "இந்தக் கல்லு இல்லேன்னா நான் சைக்கிளே ஓட்டியிருக்க மாட்டேன். நீ என்னைப் பாத்திருக்கவே மாட்ட" என்றான்.

அன்று ஏனோ அவன் முதுகை நன்றாகப் பார்த்தேன். குனிந்து மணலைச் சீவிக்கொண்டிருந்தான். இடது இடுப்பு உடைந்து ஒட்டியதில் இப்போது அவன் அந்தப் பக்கம் இறங்கி நிற்கிறான். அது வால்திஸின் முதுகு, வேறு யாருடையதும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அப்பா வாரியை என் கையில் கொடுத்தார்.

விசாவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் வந்து சேர்வேன். குருக்களிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள்,
தமிழ்மணி


பசுந்தாங்
5-11-2000

அன்புள்ள தம்பி தமிழ்மணிக்கு,

அண்ணி ஆசிகளுடன் எழுதுவது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. நான் சுகம். இந்துமதியும் சுகம். நீங்கள் கொண்டுவந்து கொடுத்த சாக்லேட்டை மாரிச்சாமி பாதிக்கு மேல் தின்றுவிட்டு எலி என்கிறான்.

காரியம் முடியும்வரை இங்கே இருந்தீர்கள், நாம் இரண்டு பேரும் விலைவாசியைப் பற்றித்தான் பேசினோம். நேரில் வராத வார்த்தை எழுத்தில் வருகிறது.

முதலில் நான் சொல்லாமல் விட்ட ஒன்று. காரியம் செய்ய நீங்கள்தான் வர வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. குருக்கள் மாசி மாதமே சொல்லிவிட்டார். "பொண்டாட்டி கையால புல்ல வாங்கிக்கிட்டு யாரு வேணும்னாலும் செய்யலாம்மா, மாரிச்சாமியே செய்யலாம்." நான் அதை உங்களுக்கு எழுதவில்லை. மாரிச்சாமி கொள்ளி வைத்திருந்தால் என் பொட்டு போயிருக்கும், இந்துமதிக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், நீங்கள் மட்டும் ஏதோ ஒரு ஊர் மழையில் பையோடு நின்றுகொண்டே இருந்திருப்பீர்கள். அவர் உங்களைக் கூட்டிவரத்தானே போனார்? கூட்டிவராமல் காரியத்தை எப்படி முடிக்க முடியும்?

அன்று காலை கடை முன்னால் வாழையிலையில் அந்தத் தர்ப்பை ஆளைக் கிடத்தியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவ்வளவு குட்டையாகவா இருந்தார் என்று. கோடித் துணி மணம் தாங்கவில்லை. குருக்கள் கிண்ணத்தைக் கொடுத்து, தலையில் எண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னார். நீங்கள் தலைக்குப் போகவில்லை. கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு, அந்தப் புல்லுக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். கணுக்காலில் ஆரம்பித்து மேலே, மேலே. உங்களுக்கு நாங்கள் யாரும் அங்கே இருப்பதே தெரியவில்லை. சைக்காக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்கள். புல் கட்டு அவிழ்ந்து உங்கள் மடியெல்லாம் கொட்டுகிறது. பழனியப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

குருக்கள்தான் குனிந்து, "போதும் தம்பி, நேரமாவுது" என்றார்.

"இன்னொரு காலு இருக்கு சாமி" என்றீர்கள்.

பன்னிரண்டு வருஷத்தில் நான் அழுதது அப்போதுதான். அதுவரை அழுதால் அவரை நானே அனுப்பிவைத்ததாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இந்துமதி என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பாவை முதன்முதலாகப் பார்த்தவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். குருக்கள் நல்ல மனிதர். இன்னொரு காலும் முடியும்வரை மந்திரத்தை நிறுத்திவைத்து, அப்புறம் அவர் கையாலேயே புல்லைச் சேர்த்துக் கட்டினார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியும் நீங்கள் பார்த்துவிட்டீர்களாம், மாரிச்சாமி வந்து கோள் சொன்னான். பார்த்தால் பார்த்துவிட்டுப் போங்கள்.

பொட்டில்லாத நெற்றி கண்ணாடியில் யாரோ மாதிரி இருக்கிறது, பழகிவிடும் என்கிறாள் சீதை. கார்டு அடித்தாயிற்று. அமரர் உதயசூரியன் என்று நல்ல தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான். நான் ஒரு விரலால் தடவிப் பார்த்தேன், மை காயவில்லை.

கடைக் கதவை இப்போது முழுசாக இறக்கிப் பூட்டுகிறேன். பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே நிற்கிறேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

தை பிறந்து இரண்டாவது வாரம் கல்யாணம். தாரை வார்த்துக் கொடுக்கச் சித்தப்பா வர வேண்டும் என்று இந்துமதி சொல்கிறாள், இந்தத் தடவை தமிழிலேயே கீழே எழுதியிருக்கிறாள், எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வால்திஸ் வர முடிந்தால் அவனையும் கூட்டி வாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டும்.

விமானத்தை விட்டு இறங்கியதும் வண்டி பிடித்து நேராக வீட்டுக்கு வாருங்கள் தம்பி. வழியில் எங்கேயும் நிற்காதீர்கள்.

அண்ணி,
நீலாம்பாள்